அடுப்புக்கும் ஐதரசனுக்கும் நடுவில் எத்தனை மீற்றர்

1

"அப்ப அதுக்கு மணமே இல்லையோ?"

"இல்லை, அன்ரி."

"நிறம்?"

"அதுவும் இல்லை. எரிஞ்சாலும் பகலில நெருப்புக் கண்ணுக்குத் தெரியாது."

"மணம் இல்லை, நிறம் இல்லை, எரிஞ்சாலும் தெரியாது. ஐயர் பிரசங்கத்தில கடவுளைப் பற்றிச் சொல்லுற மாதிரியெல்லோ கிடக்கு."

"கடவுளுக்கு எத்தனை மீற்றர் தள்ளி வேலி போடுறதெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. இதுக்குக் கேக்கினம். அதுதான் என்ர வேலை."

வாசகரே, இந்தக் கதையில் நான் காதால் கேட்டவை இந்த ஆறு வரிகள்தான். நீல்சன் வீதியில் ஓடும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவரின் மடியிலிருந்த பையிலிருந்து முருங்கைக்காய்கள் தலைநீட்டின. இளையவருக்கு முப்பத்தைந்து இருக்கலாம். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. நான் ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் நடுவில் இருந்தேன். அதில் ஒரு கிழவர் பனிப்புயலில் தன் குதிரையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே புயலில் விட்டுவிட்டுக் காதைத் தீட்டினேன். கடவுளுக்கு வேலி போடுகிற இடத்தில் பஸ் நின்றது. இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

பின்னால் ஓடி, மிச்சத்தையும் சொல்லுங்கோ அக்கா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உங்களுக்கு உண்மை கிடைத்திருக்கும், கதை கிடைத்திராது. இனி வருகிற குழு, நிலம், விதி, ஆட்கள் எல்லாம் நான் கட்டியவை. ரொறன்ரோ வரைபடத்தை விரித்துவைத்துத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தொண்ணூறுகளின் பிற்பாதி என்பதையும், அந்த நாட்களில் பஸ் ஒருபோதும் நேரத்துக்கு வந்ததில்லை என்பதையும் மட்டும் நம்பலாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி விழுந்துகொண்டிருந்தது. நகரம் ஒரு வெள்ளை மௌனத்துக்குள் மெல்ல

(இல்லை. இந்தப் பனி எனக்கு நாவல்களிலிருந்து கிடைத்தது. அந்தப் பனியை ஒருவரும் வாசலில் நின்று சவளால் அள்ளுவதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மாளாச்சி" என்பதில்லை.)

பிறகு இப்படி:

அண்டத்திலே மிக அதிகமாக உள்ள மூலகம் ஐதரசன் ஆகும்.

(ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானம். ஆகும் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கே கொட்டாவி வந்தது.)

பிறகு:

ஆண்கள் நிறைந்த அந்த அறைக்குள் அவள் தனியொருத்தியாக நிமிர்ந்து

(அழித்துவிட்டேன். நான் கட்டிய அறையில் ஆண்கள் நிறைந்திருக்கவில்லை. தலைவர் ஒரு பெண், செயலாளர் ஒரு பெண், தீயணைப்புப் பகுதியிலிருந்து வந்தவர் ஒரு பெண். நிமிர்வதற்கு அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை. மேசைமேல் கிடந்த வரைபடத்தில் குனிந்தபடி இருந்தார்கள்.)

நின்றுபிடித்த தொடக்கம் இது: பிரதீபா வசனம் எழுதுகிறவள்.

அந்தப் பெண் என்றே கடைசிவரை கூப்பிடத்தான் ஆசைப்பட்டேன். நான் வாசிக்கிற நாவல்களில் அப்படிப் பெயரில்லாமல் திரிவது பெரிய அழகு. ஆனால் தமிழர் நிறைந்த மல்வேர்னில் அது நடக்காது. எந்த ஊர், ஆற்ற மகள் என்று பஸ் தரிப்பிடத்திலேயே கேட்டுவிடுவார்கள். ஆகவே பிரதீபா, உரும்பிராய், இரசாயனம் படித்தவள்.

பிரதீபா எழுதுகிற வசனங்களை ஒருவரும் ரசித்து வாசிப்பதில்லை, ஆனால் கீழ்ப்படிவார்கள். ஐதரசனில் ஓடுகிற ஒரு பஸ்ஸை நகரத்தில் ஓட்டிப் பார்க்க ஒரு பஸ் கொம்பனி விரும்பியது. அந்த பஸ்ஸுக்கு வாயு நிரப்ப நிலையம் வேண்டும். நிலையத்தை எங்கே கட்டலாம், வீட்டு யன்னலிலிருந்து எவ்வளவு தள்ளி, பாதையிலிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்வதற்கு விதி எதுவும் இல்லை. விதியை எழுத ஒரு குழு. குழுவுக்கு ஒரு செயலாளர். அவள்தான் பிரதீபா.

குழுவின் தலைவர் கிளடிஸ். ஒன்ராறியோவின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்து, வாயுக் குழாய்களோடேயே தலை நரைத்தவர். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அட்டவணையில் எந்தத் தூரத்தை எழுதினாலும் அதற்குப் பக்கத்தில் காரணமும் எழுதப்பட வேண்டும். வேறு நாட்டில் அப்படித்தான் என்பது காரணமல்ல. என் அனுபவம் என்பது காரணமே அல்ல. இளவயதில் ஒரு பழைய விதியிலிருந்த தூரத்துக்குக் காரணம் தேடிப் போனாராம். அதை எழுதிய கனவான்களிடம் அன்று இருந்த அளவுநாடா அவ்வளவு நீளம்தான் என்று தெரியவந்ததாம்.*

* இந்தச் சம்பவத்தையும் நான்தான் கட்டினேன். ஆனால் கிளடிஸ் இதைச் சொல்லும்போது மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார் என்பதை நான் கட்டவில்லை. அவராகவே தட்டினார்.

3

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவுக்கு வெளியேயிருந்து வாசிப்பவர்களுக்காகக் கதையை இங்கே ஓரமாக நிறுத்த வேண்டியிருக்கிறது.

கனடாவில் வீட்டுக் குசினிகளைக் கட்டியவர்கள், மனிதர் எதையும் அவித்துத்தான் உண்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டும். அங்கே தூளுக்கு மிளகாய் வறுத்தால் புகை அலாரம் ஒப்பாரி வைக்கும். அது ஓய்ந்ததும் பக்கத்து வீட்டு அலாரம் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை பொரித்த மீன் திங்கட்கிழமை ஜக்கெற்றோடு வேலைக்குப் போகும். ஆகவே மல்வேர்னிலும் ரூஜிலும் வீடு வாங்கிய நம்மவர்கள் செய்த முதல் வேலை, காரைப் பனியில் நிறுத்திவிட்டுக் கராஜுக்குள் அடுப்பை வைத்ததுதான். சிலிண்டர் பூட்டிய ஒற்றை அடுப்பு, பெரிய தாச்சி, இரும்புக் கரண்டி. கார் குளிரில் நடுங்கும். மீன் கூரைக்குக் கீழே பொரியும்.

எல்லாருக்கும் தெரிந்த விசயம். கனடாவுக்கு மட்டும் தெரியாது.

இப்போது பிரதீபாவின் அட்டவணைக்கு வருவோம். யன்னல் உள்ள வீட்டுச் சுவரிலிருந்து வாயுக் குழாய் பத்து மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். வீட்டுக் கராஜிலிருந்து நான்கு மீற்றர் போதும். காரணம் என்ற இடத்தில் இருந்த வசனம்: "கராஜ் கார் நிறுத்தும் இடம். வழமையான பாவனையில் அங்கே நெருப்பு இல்லை."

அதை எழுதியவள் பிரதீபா. எழுதிய கிழமையின் ஞாயிறோ அதற்கு அடுத்த ஞாயிறோ யோகமலர் அன்ரியின் கராஜில் குந்தியிருந்து சூடைமீன் பொரியல் சாப்பிட்டிருக்கிறாள். பொய் எழுதும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. அலுவலகத்தில் கராஜ் என்றால் கார் நிற்கும் இடம். அன்ரி வீட்டில் கராஜ் என்றால் தாச்சி கொதிக்கும் இடம். ஒரே தலைக்குள் இரண்டு கராஜ்களும் பல வருடங்களாக முகம் பார்க்காமல் குடியிருந்தன.

(பிரதீபாவில் எனக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான். இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியாமல் போகுமா? இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு எங்கள் வீட்டுத் தபாற்பெட்டிக்கு மேலிருந்த அறிவித்தலைப் பார்த்தேன். வாடகைக்காரர் பல்கனியில் சமைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. நான் நாலு வருடமாக அதைத் தாண்டித்தான் பல்கனிக்கு இறைச்சிச் சட்டியோடு போய் வந்திருக்கிறேன். சந்தேகம் தீர்ந்தது.)

4

யோகமலர், பிரதீபாவுக்கு இரத்த உறவில்லை. நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே மாடிக்கட்டடத்தில், ஒரே லிஃப்ற்றுக்காகக் காத்து நின்ற உறவு. அது இரத்தத்தைவிடக் கெட்டி. பிறகு யோகமலர் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய ஒரு ரவுண்ஹவுஸ் வரிசைக்குக் குடிபோனார். வரிசையின் பின்பக்கத்தில் கராஜ்கள். கராஜ்களுக்குப் பின்னால் ஒரு வெறுங்காணி. அந்தக் காணியைத்தான் பஸ் கொம்பனி தெரிந்தெடுத்தது.

ஐப்பசிக் குளிரில் குழு காணியைப் பார்க்கப் போனது. அதற்கு முதல்நாள் பிரதீபா தொலைபேசியில் யோகமலரிடம், நாளைக்கு உங்கள் வீட்டுக்குப் பின்னால் வருகிறோம் என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னது ஒரு செய்தி. யோகமலர் கேட்டது வேறு: பிரதீபா கூட்டிவருகிற ஆட்கள் தன் வளவுக்குப் பின்னால் குளிரில், வெறும் வயிற்றோடு நிற்கப்போகிறார்கள்.

காணியில் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிரதீபா பிடித்தாள். மறுமுனையை றொபேட் பிடித்தார். றொபேட் பஸ் கொம்பனியின் ஆள். (ஒரு வில்லன் வேண்டும் என்று இவருக்கு மெல்லிய மீசை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனிதர் எல்லாருக்கும் கதவைப் பிடித்துவிடுகிறார். காணி சிறியது என்பது ஒன்றுதான் அவருடைய கவலை. கராஜுக்கும் பத்து மீற்றர் என்றால் நிலையம் அதற்குள் அடங்காது. முழுத் திட்டமும் நகரத்துக்கு மேற்கே உள்ள பிறம்ரனுக்குப் போய்விடும்.) நாடா நான்கு மீற்றரைக் காட்டிய இடத்தில் றொபேட் ஒரு சிறு கொடியை ஊன்றினார். அதே நேரம் வேலி இடைவெளிக்குள்ளால் ஒரு தட்டு வந்தது.

தட்டின் மேல் அலுமினியத் தாள். தாளை விலக்கியதும் ஆவி. ஆவிக்குக் கீழே பருப்பு வடை.

யோகமலரிடம் ஆங்கிலம் அதிகம் இருக்கவில்லை. "பிளீஸ், ஈற்" என்றார். றொபேட் முதல் வடையில் நாக்கைச் சுட்டுக்கொண்டு இரண்டாவதை ஊதி ஊதித் தின்றார். தீயணைப்புப் பகுதியிலிருந்து வந்த பேபி, கோட்டயத்துக்காரி. கையில் எடுத்த உடனேயே அதன் பெயரைச் சொன்னார். சோம்பும் செத்தல் மிளகாயும் சரியாக இருக்கின்றன என்று தன் மலையாளத்தில் யோகமலரைப் பாராட்டினார். பிறகு கராஜ் வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு இன்னொரு வடை எடுத்தார்.

கிளடிஸ் மட்டும், இந்தக் குளிரில் இது எப்படி இவ்வளவு சூடாக வந்தது என்று பிரதீபாவிடம் விசாரித்தார்.

அவர் பக்கத்தில்தான் இருக்கிறார் என்றாள் பிரதீபா. சொல்லி முடித்ததும் அவளுக்குக் காது சுட்டது. இரண்டு கராஜ்களும் அந்த நிமிடத்தில்தான் முதன்முதலாக ஒன்றையொன்று பார்த்தன. நான்கு மீற்றருக்கு அப்பால் அடுப்பு இன்னும் சூடாக இருந்திருக்கும். இந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாமல் எரியக்கூடிய ஒன்றுக்கு அவர்கள் இடம் அளந்துகொண்டிருந்தார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பி அறிக்கை எழுதினாள். "அயலிலுள்ள கட்டடங்களில் நெருப்பு எதுவும் காணப்படவில்லை." பொய் என்று சொல்ல முடியாது. ஒருவரும் காணவில்லை. தின்றார்கள், அவ்வளவுதான். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பூனையைத் தின்றுவிட்டுப் பார்த்தவர்கள் இவர்களாகத்தான் இருக்கும். தட்டச்சுப் பலகையில் அவளுடைய விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய் மினுங்கியது.

5

யோகமலரை நான் சிரிப்புக்காகத்தான் கதைக்குள் விட்டேன். வடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். (குதிரையைத் தேடிய கிழவரை இன்னும் முடிக்கவில்லை. அவருடைய ஆசிரியர் ஆட்களை இவ்வளவு நேரம் புயலில் நிற்கவிடுகிறார். நான் ஒருவரைக் கராஜுக்குள்கூட நிறுத்திவைக்க முடியாமல் இருக்கிறேன்.)

அடுத்த ஞாயிறு பிரதீபா போனபோது யோகமலர் தனியாக இல்லை. வரிசையின் பெண்கள் நாலைந்து பேர் கராஜுக்குள் இருந்தார்கள். வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் வெவ்வேறு நேரங்களில் போய்வருகிற பெண்கள் அவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இந்தத் தாச்சியைச் சுற்றித்தான். கணவர்மாருக்கு அது அடுப்பு. பெண்களுக்கு அது, யாருடைய வேலைத்தலத்தில் ஆள் எடுக்கிறார்கள், யாருக்கு எந்த வைத்தியர் தமிழ் பேசுவார் என்ற எல்லாமும்.

மற்றவர்கள் தட்டுகளோடு வீட்டுக்குள் போனபிறகு பிரதீபா வாயைத் திறந்தாள்.

"அன்ரி, உங்கட அடுப்பைப் பற்றி நான் சொல்லவேண்டி வரும்."

"ஆருக்கு?"

"கொமிட்டிக்கு."

"அவைதானே திண்டவை. தெரியாமலோ திண்டவை?"

"தெரிஞ்சது வேற, பதிஞ்சது வேற அன்ரி."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன். நீங்கள் எல்லாரும் சேந்து வடையை வயித்துக்கை மறைச்சுப்போட்டியள்."

பிரதீபா சிரித்தாள், பிறகு சிரிக்காமல் விளக்கினாள். அடுப்பு இருக்கிறது என்று ஒருமுறை சபையில் சொல்லப்பட்டால், தீயணைப்புப் பகுதி சும்மா இருக்க முடியாது. வந்து அடுப்பைக் கழற்றத்தான் வேண்டும். ஒரு கராஜைத் திறந்தால் மற்றக் கராஜ்களின் கதவையும் தட்டுவார்கள். சொல்லப்படாவிட்டால் குழாய் நான்கு மீற்றரில் வந்து நிற்கும். மற்ற வாயுவுக்குப் போடுகிற மாதிரி இதற்கும் மணம் போட்டால் என்ன என்று யோகமலர் கேட்டார். போட்டால் பஸ்ஸுக்குள் ஐதரசனை மின்சாரமாக்குகிற மின்கலம் கெட்டுப்போகும் என்றாள் பிரதீபா. கசிந்தால் யாருக்கும் தெரியாது. மேலே எழும்பிப் போகும். அநேகமாக ஒன்றும் நடக்காது.

அநேகமாக என்ற சொல்லில் யோகமலர் கரண்டியை நிறுத்தினார்.

பிரதீபா இன்னொன்றும் சொன்னாள். இந்த அட்டவணை இந்தக் காணியோடு நிற்காது. இது முதலாவது. இனி ஐதரசன் எங்கே போனாலும் இதைத்தான் பார்த்து எழுதுவார்கள். வேறு ஊர், வேறு கராஜ்கள்.

"பிறம்ரனிலயுமோ?"

"ஓம்."

பிறம்ரனில் யோகமலரின் மகள் துவாரகா இருந்தாள். புதுவீடு, பின்பக்கத்தில் லொறிகள் நிற்கிற பெரிய வளவு. நாளைக்கு அந்த லொறிகளும் இதில் ஓடலாம். மகளின் கராஜுக்கு அடுப்பு வாங்கிக் கொடுத்தவர் யோகமலர்தான். சிலிண்டர் பூட்டக் காட்டிக்கொடுத்தவரும் அவர்தான்.

அவர் அடுப்பை அணைத்தார். தாச்சிக்குள் எண்ணெய் சிறிது நேரம் முணுமுணுத்து அடங்கியது.

"நீ சொல்லாத, பிள்ளை," என்றார். "நீ சொன்னால் காட்டிக்குடுத்ததெண்டு வரும். இந்த வரிசைக்கை பேந்து நீ காலெடுத்து வைக்கேலாது. நீ சொன்னால்தான்"

(வசனத்தை அவர் முடிக்கவில்லை. நான் முடிக்கப் பார்த்தேன். மூன்று விதமாக எழுதினேன். மூன்றும் என் குரலாக இருந்தன. காட்டிக்கொடுத்தவர் என்ற சொல்லுக்கு, யுத்தம் கண்ட எங்கள் ஊர்களில் என்ன எடை என்று உங்களுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு விளையாட எனக்குத் துணிவில்லை. அப்படியே விடுகிறேன்.)

6

இந்த இடத்தில் முடிவு வேண்டும். என்னிடம் மூன்று இருந்தன.

அ. பிரதீபா குழுவில் எல்லாவற்றையும் சொல்கிறாள். அட்டவணை திருத்தப்படுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை தீயணைப்புப் பகுதியின் வான் வண்டி வந்து நின்று, வரிசையின் அடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். அதற்குப் பிறகு பிரதீபா பஸ்ஸில் ஏறினால், பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண் பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போகிறாள். (இதை எழுதி முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்து வாசித்தபோது என்னில் எனக்குக் கோபம் வந்தது.)

ஆ. பிரதீபா வாயைத் திறக்கவில்லை. நிலையம் கட்டப்படுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. வருடக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. மிளகாய் வறுக்கிற ஒவ்வொரு ஞாயிறும் அவள் தன் வீட்டு யன்னலில் நின்று அந்தத் திசையைப் பார்க்கிறாள். (நல்ல முடிவு. ஆனால் இது நான் வாசிக்கிற நாவல்களுக்குச் சொந்தமான யன்னல்.)

இ. பிரதீபா கெட்டிக்காரி. கராஜ் என்ற சொல்லே இல்லாமல், அயலில் உள்ள எந்தக் கட்டடத்துக்கும் பத்து மீற்றர் என்று மாற்றி எழுதுகிறாள். ஒருவரும் அகப்படவில்லை, எல்லாரும் பத்திரம்.

மூன்றாவதைத்தான் தெரிந்தெடுத்தேன். பிரதீபாவுக்கும் பிடித்திருந்தது. ஒரு பின்னேரம் முழுக்க அலுவலகத்தில் இருந்து எழுதினாள். வசனம் வடிவாக வந்தது. அதற்குப் பிறகுதான் இருவருக்கும் கிளடிஸின் நினைவு வந்தது.

காரணம்?

"முன்னெச்சரிக்கையாக" என்று எழுதினாள். எதற்கு முன் என்பார் கிளடிஸ். அழித்தாள்.

"மக்களின் பல்வேறு பண்பாட்டு வழக்கங்களைக் கருத்திற்கொண்டு" என்று எழுதினாள். கருத்தரங்கு மண்டபத்தின் குளிரூட்டி வாசம் அடித்தது. அழித்தாள்.

"கட்டடங்களின் பாவனை காலப்போக்கில் மாறக்கூடும் என்பதால்" என்று எழுதினாள். இது பரவாயில்லை. ஆனால் றொபேட் கேட்பார், மரியாதையாகத்தான் கேட்பார். மாறியதற்கு ஓர் உதாரணம் சொல்ல முடியுமா, ஒன்று போதும் என்பார். இந்த ஒரு வசனத்தால் அவருடைய நிலையம் பறிபோகிறது. கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஓர் உதாரணம் பிரதீபாவின் நாக்கு நுனியில் இருந்தது. சோம்பு மணத்தோடு இருந்தது.

உண்மையாகவும் இருக்க வேண்டும், ஒருவரையும் கொண்டுபோய் மாட்டிவிடவும் கூடாது. அப்படி ஒரு வசனத்தை அவளால் எழுத முடியவில்லை. வாசகரே, என்னாலும் முடியவில்லை. நான் கதை எழுதுகிறவள், கட்டிச் சொல்வது எனக்குப் பழக்கம். கிளடிஸ் கட்டுக்கதையை மேசையில் இரண்டு தட்டுத் தட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

காரணம் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டபடி பிரதீபா கூட்டத்துக்குப் போனாள். இப்போது நானும் அவளுக்குப் பின்னால் போகிறேன், கையில் முடிவு இல்லாமல்.

7

நகரசபைக் கட்டடம் ஒன்றில் சிறிய மண்டபம். நீள மேசை. மேசைக்கு எதிரே, பொதுமக்களுக்கென்று போடப்பட்ட கதிரைகள். வழக்கமாக அவற்றில் ஒருவரும் இருப்பதில்லை. உறுப்பினர்கள் தங்கள் ஜக்கெற்றுகளைப் போட்டுவைப்பார்கள்.

அன்று யோகமலர் இருந்தார்.

நான் அவரைக் கூப்பிடவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். என் திட்டத்தில் இந்தக் காட்சியில் நான்கு பேர்தான்: கிளடிஸ், றொபேட், பேபி, பிரதீபா. இரண்டு பஸ் மாறி, குளிர் ஜக்கெற்றுக்குள் நல்ல சேலை கட்டி, நெற்றியில் திருநீறோடு அவர் தானாக வந்திருந்தார். கூடவே வரிசையின் பெண்கள் இருவர். மூன்று பேரும் பேருக்கு ஒரு கதிரை இடைவெளி விட்டு இருந்தார்கள். ஒன்றாக வந்தவர்கள் என்று தெரியக்கூடாதாம்.

றொபேட் அவரை அடையாளம் கண்டு கையசைத்தார். தட்டு ஏதும் கொண்டுவந்திருக்கிறாரா என்று கண்ணால் தேடியதாகவும் தெரிந்தது.

அட்டவணை வந்தது. அயலிலுள்ள எந்தக் கட்டடத்துக்கும் பத்து மீற்றர் என்று பிரதீபா வாசித்தாள். காரணம் என்று கிளடிஸ் கேட்டார். இன்னும் எழுதவில்லை என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் பழைய வசனம் நிற்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது என்று றொபேட் நினைவூட்டினார். அவர் சொன்னது சரி. அந்தக் காரணத்தை எழுதியவளும் அவள்தான். வாக்கெடுப்புக்கு முன் பொதுமக்களில் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கிளடிஸ் வழக்கம்போல, வெறும் கதிரைகளைக் கேட்கிற குரலில் கேட்டார்.

யோகமலர் எழும்பினார். பக்கத்துப் பெண், ஒன்றாக வராதவள், அவருடைய ஜக்கெற் நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் ஜக்கெற்றைக் கழற்றி அவளுடைய கையிலேயே விட்டுவிட்டு மைக்குக்கு முன்னால் போனார். மைக் உயரமாக இருந்தது. றொபேட் ஓடிவந்து தாழ்த்திக் கொடுத்தார்.

"என்ர பேர் யோகமலர். நீங்கள் அண்டைக்கு அளந்த காணிக்குப் பின்னால இருக்கிற கராஜ் என்ர. அதுக்கை அடுப்பு இருக்கு. நீங்கள் சாப்பிட்ட வடை அதிலதான் சுட்டது. ஒவ்வொரு கிழமையும் எரியும். மற்ற வீட்டுக்காரரைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது."

ஒன்றாக வராத இரண்டு பெண்களும் கூரையைப் பார்த்தார்கள்.

"அடுப்பைக் கழட்டுறதெண்டால் வந்து கழட்டுங்கோ. கதவு திறந்து விடுவன். ஆனால் கராஜுக்கை நெருப்பு இல்லையெண்டு எழுதாதேங்கோ. அதை வாசிச்சுப்போட்டு வேற ஊரில ஒருத்தன் குழாயைக் கிட்டக் கொண்டந்து வைப்பான். அங்க என்ர மகள் இருப்பாள். இல்லாட்டி ஆற்றயும் மகள் இருப்பாள்."

அவர் பேசியது தமிழ், மேசையில் பிரதீபாவைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை. இன்னொருவரைத் தவிர. தமிழ் ஓரளவு விளங்குகிற பேபி தன் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர்க் குவளையை எடுத்து மெதுவாகக் குடிக்கத் தொடங்கினார். காதில் விழுந்தது வேறு, அறிக்கையில் ஏறியது வேறு என்பது அவருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் வருகிறவரைக்கும் அந்த அடுப்பு எரியவில்லை.

கிளடிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிரதீபாவைப் பார்த்தார். றொபேட்டும் புன்னகையோடு பார்த்தார். அன்ரி வடையின் செய்முறையைச் சொல்கிறார் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். பிரதீபாவுக்கு முன்னால் அறிக்கைத் தாளில் காரணத்துக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு சொல்லும் விடாமல் சொன்னால் அந்த இடம் நிரம்பும், அன்ரியின் கராஜ் காலியாகும். ஒன்றிரண்டு சொற்களை வழியில் நழுவவிட்டால் அடுப்பு தப்பும், அன்ரி இரண்டு பஸ் மாறி வந்தது வீணாகும். நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று அவள் என்னைப் பார்த்தாள். என்னிடம் இல்லை.

இதற்குப் பிறகு என் கையில் இருப்பது ஒரேயொரு வசனம், அதுவும் யோகமலருடையது. அடுத்த வசனம் ஆங்கிலத்தில் வர வேண்டும், பிரதீபாவின் வாயால் வர வேண்டும், அதை எழுத நான் மறுக்கிறேன். உங்களுக்கு அவளை இப்போது என்னளவு தெரியும். பேனா இந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

யோகமலர் மைக்கிலிருந்து திரும்பினார். குரலைத் தணிக்க மறந்துபோனதால் மண்டபம் முழுவதும் கேட்டது.

"நான் சொன்னதை அப்பிடியே இவைக்கு இங்கிலிஷில சொல்லிவிடு, பிள்ளை."